ட்ரொம்போனின் சுரங்களும் ஸ்கேல்களும்: ஏழு நிலைகளைக் காதால் கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கும்போது திருகோணமலையின் பாடசாலை மைதானங்களிலிருந்து பாண்ட் ஒத்திகைச் சத்தம் கடற்கரை வரை கேட்கும். அந்தக் குழுக்களில் ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுகருவி கிடைக்கும் பிள்ளைக்குக் கருவியோடு ஒரு துண்டுத் தாளும் கொடுக்கப்படுவது வழக்கம். அதில் ஒவ்வொரு சுரத்தின் பெயருக்கும் நேரே 1 முதல் 7 வரையான எண்களில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களை மனப்பாடம் செய்து அணிவகுப்புப் பாட்டு ஒன்றை ஊதி முடித்துவிடலாம். ஆனால் ஒரே எண் ஏன் பல சுரங்களுக்கு வருகிறது, ஒரே சுரத்துக்கு ஏன் சில வேளைகளில் இரண்டு எண்கள் இருக்கின்றன, கை சரியான எண்ணில் நின்றும் சுருதி ஏன் விலகுகிறது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் விடை இல்லை. அந்த விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஊதிப் பார்த்து அறியக்கூடிய வகையில் இங்கே எழுதுகிறேன்.

ட்ரொம்போனில் துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காது முடிவு செய்வது போலவே இதிலும் ஸ்லைட் எனப்படும், முன்னும் பின்னும் நகரும் குழாய் நிற்கும் இடத்தைக் காதுதான் முடிவு செய்யவேண்டும். இதனால், சங்கீத வகுப்பில் சரளி வரிசை பாடிய ஒரு பிள்ளை, கீபோர்ட்டில் மட்டும் பழகிய பிள்ளையைவிட இந்தக் கருவிக்கு ஒரு படி முன்னதாகவே வந்து நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே மேலைத்தேயப் பெயர்களோடு நமது சுரப் பெயர்களையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். தொடங்குமுன் ஒரு சுருதிப்பெட்டியையோ கைத்தொலைபேசியில் தம்புரா ஒலிக்கும் செயலியையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் பயிற்சிகளுக்கும் அது தேவை.

படி 1: ஸ்லைடைத் தொடாமல் கிடைக்கும் சுரங்கள்

பாடசாலைக் குழுக்களில் பெரும்பாலும் இருப்பது டெனர் ட்ரொம்போன். ஸ்லைடை முழுவதும் உள்ளே வைத்திருக்கும்போது அதன் குழாய் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர், அந்த நீளத்துக்குரிய ஆதாரச் சுரம் பி பிளாட். நமது கட்டைக் கணக்கில் அது ஆறரைக் கட்டை. சுருதிப்பெட்டியை ஆறரைக் கட்டையில் வைத்து ஒலிக்க விடுங்கள்.

இப்போது ஸ்லைடை உள்ளே வைத்தபடியே, உதடுகளை மவுத்பீஸில் அதிரச் செய்து ஊதுங்கள். தொடக்கத்தில் சிலருக்குக் கீழ் பி பிளாட் வரும். சிலருக்கு அதற்கு மேலுள்ள எஃப் வரும். எது வந்தாலும் நல்லது. உதடுகளைச் சற்று இறுக்கி, காற்றின் வேகத்தைக் கூட்டினால் சுரம் மெல்ல மெல்ல ஏறாமல் அடுத்த படிக்கு ஒரேயடியாகத் தாவும். இப்படித் தாவும் சுரங்களைக் கீழிருந்து மேலாக எழுதினால் பி பிளாட், எஃப், பி பிளாட், டி, எஃப், சற்றுக் குறைந்த ஏ பிளாட், பி பிளாட் என்று வரும். பி பிளாட்டை ஸட்ஜமாகக் கொண்டு பாடினால் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப, சற்றுக் குறைந்த கைசிகி நிஷாதம், அதற்கும் மேல் ச. கொடியேற்றத்திலும் இறக்கத்திலும் ஊதப்படும் பியூகிளைக் கேட்டிருப்பீர்கள். பியூகிளுக்கு ஸ்லைடும் இல்லை, வால்வும் இல்லை. அதனால் அதன் அழைப்புகள் அனைத்தும் இந்த வகையான ஒரே வரிசைச் சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதன்று. ஆதார அதிர்வெண் ஏறத்தாழ 58 ஹெர்ட்ஸ் என்றால், அதன் இரண்டு மடங்கான 116.5, மூன்று மடங்கான 175, நான்கு மடங்கான 233, ஐந்து மடங்கான 291 என்று குழாயின் இயல்பான சுரங்கள் மடங்கு மடங்காக ஏறுகின்றன. இதனை ஹார்மோனிக் வரிசை என்பர். கீழ் பி பிளாட் அந்த வரிசையில் இரண்டாவது, எஃப் மூன்றாவது, நடு பி பிளாட் நான்காவது, டி ஐந்தாவது, மேல் எஃப் ஆறாவது. முதலாவதாக உள்ள 58 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பெடல் சுரம் என்று அழைப்பர்; அதனைத் தொடக்கத்தில் தேடவேண்டியதில்லை.

இந்த வரிசையின் இடைவெளிகள் சமமானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 7 அரைச்சுரங்கள் (கீபோர்ட்டில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரமே ஓர் அரைச்சுரம்), மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே 5, அடுத்து 4, அதற்கடுத்து 3. மேலே போகப் போகப் படிகள் நெருங்குகின்றன. ட்ரொம்போனைப் பற்றிய மற்ற எல்லா விளக்கங்களும் இந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன என்பதால், மேலே செல்லுமுன் ஒரு வாரம் இதிலேயே நில்லுங்கள். முதலில் ச, ப, ச என்று வாயால் பாடுங்கள். பிறகு அதே மூன்றையும் ஊதுங்கள். பின்னர் ச, ப, ச, க என்று நான்காக ஆக்குங்கள். பாடாமல் ஊதினால் உதடு தற்செயலாக எந்தப் படியில் விழுகிறதோ அதைத்தான் நீங்கள் கேட்பீர்கள்.

படி 2: ஸ்லைடின் ஏழு நிலைகள்

ஸ்லைடை வெளியே நீட்டும்போது குழாய் நீள்கிறது. குழாய் நீண்டால், மேலே சொன்ன வரிசை முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து கீழிறங்குகிறது. ஓர் அரைச்சுரம் இறங்கத் தேவையான ஒவ்வொரு நீட்டலையும் ஒரு நிலை என்கிறோம். முதலாம் நிலையில் ஆதாரம் பி பிளாட், இரண்டாம் நிலையில் ஏ, மூன்றாம் நிலையில் ஏ பிளாட், நான்காம் நிலையில் ஜி, ஐந்தாம் நிலையில் ஜி பிளாட், ஆறாம் நிலையில் எஃப், ஏழாம் நிலையில் ஈ.

ஏன் ஏழு? எட்டோ ஐந்தோ ஏன் இல்லை? இரண்டாம் ஹார்மோனிக்குக்கும் மூன்றாவதுக்கும் இடையே 7 அரைச்சுரங்கள் உள்ளன என்று கண்டோம். மேலேயுள்ள எஃப்பிலிருந்து ஆறு அரைச்சுரங்கள் கீழே இறங்கினால் பி வரும். அதற்கும் ஒரு அரைச்சுரம் கீழே உள்ள பி பிளாட் முதலாம் நிலையிலேயே காத்திருக்கிறது. ஆகவே ஆறு நீட்டல்களும் தொடக்க நிலையும் சேர்ந்த ஏழு நிலைகள் அந்த இடைவெளியை மிகச் சரியாக நிரப்புகின்றன. எனக்கு இந்தக் காரணம் விளங்கிய நாளிலிருந்து துண்டுத் தாள் தேவைப்படவில்லை.

இதனைக் காதால் உறுதிப்படுத்த, கீழ் பி பிளாட்டிலிருந்து நடு பி பிளாட் வரை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறிப் பாருங்கள். பி பிளாட் 1, பி 7, சி 6, டி பிளாட் 5, டி 4, ஈ பிளாட் 3, ஈ 2, எஃப் 1 என்று வரும். அங்கே மூன்றாம் ஹார்மோனிக்கின் உச்சியை அடைந்துவிட்டதால் உதடு அடுத்த படிக்குத் தாவ, ஜி பிளாட் 5, ஜி 4, ஏ பிளாட் 3, ஏ 2, பி பிளாட் 1. இடைவெளி 5 அரைச்சுரமாகச் சுருங்கியதால் ஐந்து நிலைகள் போதுமாகின்றன. அதற்கு மேலே பி 4, சி 3, டி பிளாட் 2, டி 1; பிறகு ஈ பிளாட் 3, ஈ 2, எஃப் 1. மேல் ஸ்தாயியில் கை குறைவாகவும் உதடு அதிகமாகவும் உழைப்பதற்கான காரணம் இதுவே.

நிலைகளுக்கு இடையிலான தூரம் சமமானதன்று. முதலாம் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீட்டவேண்டும். ஆறாவதிலிருந்து ஏழாவதுக்கோ 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீட்டவேண்டும். ஒவ்வோர் அரைச்சுரமும் அப்போதுள்ள குழாய் நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கைக் கேட்கிறது. குழாய் நீண்டிருக்கும்போது அந்த ஆறு பங்கும் பெரிதாகிறது. மூன்றாம் நிலையில் கை பெல்லின், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற வாயின், விளிம்புக்குச் சற்று முன்னாலும், நான்காம் நிலையில் அதனைச் சற்றுக் கடந்தும் நிற்கும் என்பது பழக்கத்தில் உள்ள அடையாளம். அது தொடக்கத்துக்கு உதவும் தோராயம் மாத்திரமே. நான் கற்ற முதல் வருடத்தில் ஸ்லைட் குழாயில் பேனையால் ஏழு கோடுகள் போட்டு வைத்திருந்தேன். கோடுகளைப் பார்த்துப் பழகிய கண் கூர்மையடைந்தது, காது அப்படியே இருந்தது; அந்தப் பழக்கத்திலிருந்து மீள எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. பிள்ளைகளின் ஸ்லைடில் கோடு போடவேண்டாம் என்று பெற்றோரையும் பயிற்றுவிப்போரையும் மன்றாடிக் கேட்கிறேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வெப்பம் ஒன்றுபோல் இராது. அடுத்தடுத்து வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்பவருக்கு எந்தக் கிணறு எவ்வளவு சூடு என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். ஏழு நிலைகளும் அப்படிப் பதியவேண்டியவை. கண்ணை மூடி, எஃப்பைத் தொடங்கி 1, 2, 3 என்று ஏழு வரை இறங்கி மீண்டும் ஏறுவதை ஒவ்வொரு நாளும் செய்தால் இரண்டு மாதங்களில் அந்தப் பதிவு ஏற்படத் தொடங்கும்.

பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஆறாம், ஏழாம் நிலைகள் கைக்கு எட்டாமல் போவதுண்டு. தோளை முறுக்கி எட்டச் சொல்லக்கூடாது. சில மாதங்களுக்கு அந்தச் சுரங்கள் இல்லாத பாட்டுகளைத் தெரிவு செய்துகொள்ளலாம். சில கருவிகளில் இடது பெருவிரலால் இயக்கும் எஃப் இணைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். லைப்சிக் நகரத்துக் கருவி வினைஞர் கிறிஸ்டியன் ஃபிரிட்ரிக் சாட்லர் 1839இல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில், விரலை அழுத்தியவுடன் காற்று கூடுதலான ஒரு குழாய்ச் சுற்றின் வழியே சென்று ஆதாரத்தை எஃப்புக்கு இறக்கிவிடுகிறது. அப்போது சி முதலாம் நிலையிலும், பி இரண்டாம் நிலையைச் சற்றுக் கடந்தும் கிடைக்கின்றன.

படி 3: எழுத்தில் உள்ள சுரமும் ஒலிக்கும் சுரமும்

ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் முறையில், கீழ்ச் சுரங்களுக்குரிய குறியான பேஸ் கிளெஃப்பில் கீழ் பி பிளாட் கீழிருந்து இரண்டாம் கோட்டிலும், எஃப் நான்காம் கோட்டிலும், நடு பி பிளாட் ஐந்தாம் கோட்டுக்கு மேலே உள்ள இடத்திலும் எழுதப்படும். இம்மூன்றையும் நங்கூரமாக வைத்து மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்க்கவேண்டும். பிரித்தானிய பாணியிலான பித்தளைப் பாண்ட் குழுக்களில் டெனர் ட்ரொம்போனுக்குரிய பகுதி மேல் சுரங்களுக்குரிய குறியான ட்ரெபிள் கிளெஃப்பில், கோர்னெட்டுக்கு எழுதுவது போலவே எழுதப்படும். அந்த முறையில், தாளில் சி என்று எழுதியிருப்பதை வாசிப்பவர் முதலாம் நிலையில் ஊதுவார். ஒலிப்பதோ பி பிளாட். அதனால் பாண்டில் பழகிய ஒரு பிள்ளை முதலாம் நிலையின் கீழ்ச் சுரத்தைச் சி என்றும், பேஸ் கிளெஃப்பில் பழகிய பிள்ளை அதையே பி பிளாட் என்றும் சொல்லும். இருவரும் சரியே. உங்கள் தாளில் எந்தக் கிளெஃப் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்; கீபோர்ட் வாசிப்பவரோடு சேரும்போது ஒலிக்கும் சுரத்தின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் ஒலிக்கும் பெயர்களையே பயன்படுத்துகிறது.

படி 4: முதல் ஸ்கேல், பி பிளாட் மேஜர்

மேஜர் ஸ்கேல் என்பது முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற ஏழு அடிகளால் ஒரு ஸ்தாயியைக் கடப்பது. கர்நாடக சங்கீதத்தில் 29ஆவது மேளமாகிய தீரசங்கராபரணத்தின் ஆரோகணமும் இதே சுரத்தானங்களைக் கொண்டது: ஸட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். ராகமாகப் பாடும்போது வரும் கமகங்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, சுரங்களைத் தட்டையாகப் பிடித்துப் பாடுங்கள்.

பி பிளாட் மேஜருக்குரிய நிலைகள் இவை:

பி பிளாட் 1, சி 6, டி 4, ஈ பிளாட் 3, எஃப் 1, ஜி 4, ஏ 2, பி பிளாட் 1.

இந்த ஸ்கேலில் மிகக் கடினமான இடம் முதலாவது அடியே. சுரம் ஒரு முழுச்சுரம் மட்டுமே ஏறுகிறது; கையோ ஒன்றிலிருந்து ஆறுக்கு வெளியே பாய்கிறது, உதடும் இரண்டாம் ஹார்மோனிக்கிலிருந்து மூன்றாவதுக்கு ஏறுகிறது. ஏறும் சுரத்துக்குக் கை நீள்வது புத்திக்கு முரணாகத் தோன்றும். தொடக்கக்காரர்கள் கை போய்ச் சேருமுன்னே நாக்கால் அடித்துவிடுகிறார்கள், அல்லது கை போகும் வழியெல்லாம் காற்றையும் விட்டு இரண்டு சுரங்களுக்கு இடையே ஓர் இழுவைச் சத்தத்தை உண்டாக்குகிறார்கள். இதற்கு மருந்து எளிது. பி பிளாட்டை நான்கு அட்சரம் பிடியுங்கள். நான்காம் அட்சரத்தின் இறுதித் துளியில் கையை ஒரே வீச்சில் நகர்த்துங்கள். கை ஆறாம் நிலையில் நின்ற அதே கணத்தில் நாக்கு அடுத்த சுரத்தைத் தொடங்கட்டும். காற்று இடையில் நிற்கக்கூடாது. வேகமான பாட்டில் கை வேகமாகவும் மெதுவான பாட்டில் மெதுவாகவும் நகரவேண்டும் என்று நினைப்பது பிழை. பாட்டு எவ்வளவு மெதுவானாலும் கை நகர்வது விரைவாகவே இருக்கவேண்டும்.

சி, டி, ஈ பிளாட், எஃப் ஆகிய நான்கும் மூன்றாம் ஹார்மோனிக்கிலேயே இருக்கின்றன. இவற்றுக்கிடையே நாக்கு தொடாவிட்டால் கட்டாயம் இழுவை கேட்கும். ஆகவே கோர்வையாக ஊதும்போதும் நாக்கு மிக மென்மையாக, "லூ" என்று சொல்வது போல, ஒவ்வொரு சுரத்தையும் தொடவேண்டும். எஃப்பிலிருந்து ஜிக்குச் செல்லும்போது கை ஒன்றிலிருந்து நான்குக்கு வெளியே போகிறது, உதடோ நான்காம் ஹார்மோனிக்குக்கு ஏறுகிறது. அந்தத் தாவலே இரண்டு சுரங்களையும் பிரித்துவிடுவதால் அங்கே நாக்கின் உதவி குறைவாகவே வேண்டும்.

முதலில் சுருதிப்பெட்டியுடன் "ச ரி க ம ப த நி ச" என்று கையை வெறுமனே நிலைகளுக்கு நகர்த்தியபடி பாடுங்கள். அடுத்து மவுத்பீஸை மட்டும் கையில் எடுத்து அதே வரிசையை உதட்டு அதிர்வால் ஒலிக்கச் செய்யுங்கள். மூன்றாவதாகக் கருவியில் ஊதுங்கள். ஒத்திகையில் நேரம் போதாது என்று முதல் இரண்டையும் விட்டுவிடுவோர் பலர். மூன்றாவதன் பலன் அந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கிறது.

படி 5: சுருதி விலகும் இடங்களை அறிதல்

தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதிலிருந்து எழும். அது அந்தத் தந்தியின் ஐந்தாம் ஹார்மோனிக். முதலாம் நிலையில் நீங்கள் ஊதும் டியும் பி பிளாட்டுக்கு அதே காந்தாரம்தான். அது ஏறத்தாழ 291 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கீபோர்ட்டின் டியோ 293.7 ஹெர்ட்ஸில் உள்ளது. அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால் இந்த வேறுபாடு 14 சென்ட். தம்புராவோடு ஊதும்போது இனிமையாக ஒன்றிய அதே சுரம், கீபோர்ட்டோடு ஊதும்போது தாழ்ந்து கேட்பதற்குக் காரணம் உங்கள் உதட்டில் உள்ள பிழையன்று. கீபோர்ட் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துக்கொண்ட ஒரு கருவி என்பதே காரணம்.

இதைச் சரிசெய்வதில் ஒரு சிக்கல் உண்டு. மற்ற நிலைகளில் சுரம் தாழ்ந்தால் ஸ்லைடைச் சற்று உள்ளே இழுக்கலாம். முதலாம் நிலையில் அதற்கு மேல் உள்ளே இடமில்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள், சுருதி சேர்ப்பதற்கென்றே உள்ள வளைகுழாயாகிய பெரிய டியூனிங் ஸ்லைடைச் சற்று உள்ளே தள்ளிச் சுருதி சேர்த்து, வழக்கமான முதலாம் நிலையை முட்டும் இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வெளியே வைத்துக்கொள்கிறார்கள். அப்போது டிக்கு உள்ளே இழுக்க அந்த ஒரு சென்டிமீட்டர் கிடைத்துவிடுகிறது. மேல் எஃப் ஆறாம் ஹார்மோனிக். அது 2 சென்ட் மாத்திரமே உயர்ந்திருப்பதால் கவலைப்படவேண்டியதில்லை. ஏழாம் ஹார்மோனிக் 31 சென்ட் தாழ்ந்தது; முதலாம் நிலையில் அதனைச் சீர்செய்ய இடமில்லாததால் அங்கே அதைப் பயன்படுத்துவதில்லை.

வெப்பமும் சுருதியை மாற்றும். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் உயர்கிறது. மண்டபத்தின் நிழலில் காலையில் சேர்த்த சுருதி, சித்திரை வெயிலில் மைதானத்தில் அரை மணி நேரம் நின்றபின் அப்படியே இராது. குளிர்ந்த கருவியை ஊதியவுடன் சுருதி சேர்ப்பதும் வீண் வேலை. ஐந்து நிமிடமாவது ஊதிக் குழாயைச் சூடாக்கிய பின், எந்த இடத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த இடத்திலேயே நின்று டியூனிங் ஸ்லைடைச் சரிசெய்யுங்கள்.

படி 6: மற்ற மேஜர் ஸ்கேல்கள்

பி பிளாட் உறுதியான பிறகு எஃப் மேஜருக்குச் செல்லுங்கள். சுருதிப்பெட்டியில் நாலு கட்டை. எஃப் 6, ஜி 4, ஏ 2, பி பிளாட் 1, சி 6, டி 4, ஈ 2, எஃப் 1. முதல் நான்கு சுரங்களிலும் கடைசி நான்கு சுரங்களிலும் கை அதே 6, 4, 2 பாதையைப் பின்பற்றி ஒன்றில் முடிகிறது: எஃப், ஜி, ஏ, பி பிளாட் என்ற நான்கு சுரங்களும் சி, டி, ஈ, எஃப் என்ற நான்கு சுரங்களும் ஒரே அடிகளால் ஆனவை, முன்னையது இரண்டாம் ஹார்மோனிக்கிலும் பின்னையது மூன்றாவதிலும் அமைகின்றன. ச ரி க ம, ப த நி ச என்று பூர்வாங்கம், உத்தராங்கமாகப் பிரித்துக் கற்றவருக்கு இது உடனே புரியும். மேஜர் ஸ்கேலின் இரு பாதிகளும் ஒரே வடிவம் கொண்டவை என்பதை இவ்வளவு தெளிவாகக் கைக்கே உணர்த்தும் வேறு கருவியை நான் அறியேன்.

அடுத்தது ஈ பிளாட் மேஜர், இரண்டரைக் கட்டை: ஈ பிளாட் 3, எஃப் 1, ஜி 4, ஏ பிளாட் 3, பி பிளாட் 1, சி 3, டி 1, ஈ பிளாட் 3. ஆறாம் நிலையே வராததால் கை எட்டாத சிறுவருக்கு இதுவே வசதியான ஸ்கேல்; ஆனால் மேல் மூன்று சுரங்களுக்கு உதட்டு வலு வேண்டும். ஏ பிளாட் மேஜர்: ஏ பிளாட் 3, பி பிளாட் 1, சி 6, டி பிளாட் 5, ஈ பிளாட் 3, எஃப் 1, ஜி 4, ஏ பிளாட் 3. பிளாட்டோ ஷார்ப்போ இல்லாத சி மேஜர்: சி 6, டி 4, ஈ 2, எஃப் 1, ஜி 4, ஏ 2, பி 4, சி 3. கீபோர்ட்டில் முதலாவதாகக் கற்பிக்கப்படும் இந்த ஸ்கேல் ட்ரொம்போனில் ஐந்தாவதாக வருவதே பொருத்தம்.

படி 7: மைனர் ஸ்கேல்கள்

பி பிளாட் மேஜரின் அதே சுரங்களை ஜியிலிருந்து தொடங்கினால் ஜி நேச்சுரல் மைனர் கிடைக்கும். நமது கிரக பேதம் இதுவே. சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்தால் 20ஆவது மேளமாகிய நடபைரவி பிறக்கிறது. நிலைகள்: ஜி 4, ஏ 2, பி பிளாட் 1, சி 6, டி 4, ஈ பிளாட் 3, எஃப் 1, ஜி 4. எஃப்பை ஷார்ப் ஆக்கினால், அதாவது ஓர் அரைச்சுரம் உயர்த்தினால், ஹார்மோனிக் மைனர். அது 21ஆவது மேளமாகிய கீரவாணியின் சுரங்கள். அப்போது ஈ பிளாட் 3, எஃப் ஷார்ப் 5, ஜி 4 என்று கை முடியும். மெலோடிக் மைனரின் ஆரோகணத்தில் ஈ பிளாட்டும் பிளாட் நீங்கி ஈ ஆகி 23ஆவது மேளமாகிய கௌரிமனோகரியின் வடிவம் வருகிறது: டி 4, ஈ 2, எஃப் ஷார்ப் 5, ஜி 4. அவரோகணத்தில் அது நடபைரவிக்கே திரும்பிவிடும்.

படி 8: ராகத்தின் சுரங்களும் ஸ்லைடின் எல்லையும்

மாயாமாளவகௌளையை ட்ரொம்போனில் ஊத விரும்புவோர் பி பிளாட்டிலிருந்து தொடங்கவேண்டாம். அங்கே ஸட்ஜம் 1இலும் சுத்த ரிஷபம் 7இலும் அமைவதால், பாடும்போது மிக நெருங்கி நிற்கும் இரண்டு சுரங்கள் கைக்கு மிகத் தூரமாகிவிடுகின்றன. ஈ பிளாட்டிலிருந்து தொடங்கினால் 3, 2, 4, 3, 1, 4, 1, 3 என்று எல்லாம் முதல் நான்கு நிலைகளுக்குள் அடங்கிவிடும். மோகனத்துக்குப் பி பிளாட் பொருந்தும்: பி பிளாட் 1, சி 6, டி 4, எஃப் 1, ஜி 4, பி பிளாட் 1.

ஸ்லைட் இருப்பதால் எல்லா ஜாருவையும், அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தையும், எடுத்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரே ஹார்மோனிக்குக்குள் மாத்திரமே உடைவில்லாத இழுவை சாத்தியம். அதன் மிகக் கூடிய அளவு ஆறு அரைச்சுரம். நடு பி பிளாட்டிலிருந்து அதற்குக் கீழுள்ள ஈ வரை இழுக்கலாம். எஃப்பிலிருந்து பி வரை இழுக்கலாம். அதற்கு அப்பால் சுரம் முறிந்துவிடும். எஃப்பிலிருந்து ஜிக்கு வழக்கமான நிலைகளில் ஜாரு வராது, ஏனெனில் அவை வெவ்வேறு ஹார்மோனிக்குகள். ஆனால் அதே எஃப்பை ஆறாம் நிலையில் நான்காம் ஹார்மோனிக்காகவும் ஊதலாம். அங்கிருந்து நான்காம் நிலைக்குக் கையை இழுத்தால் ஜாரு வழுவழுப்பாக ஏறும். இவற்றை மாற்று நிலைகள் என்பர். நடு பி பிளாட் ஐந்தாம் நிலையிலும், ஏ ஆறாம் நிலையிலும், டி நான்காம் நிலையிலும் கிடைக்கும். முதல் இரண்டும் ஐந்தாம் ஹார்மோனிக் என்பதால் தாழ்ந்தே ஒலிக்கும். ஸ்லைடை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே இழுத்து ஊதுங்கள். கோணேசர் கோயில் திருவிழாவில் நாகசுர வித்துவான்கள் ஒத்தின் மீது ஒரே சுரத்தை எத்தனை விதமாகத் தொட்டுச் செல்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு வந்து இந்த மாற்று நிலைகளைப் பழகுபவருக்கு, எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித் தரத் தேவைப்படாது.

படி 9: அன்றாடப் பயிற்சியின் ஒழுங்கு

நாளொன்றுக்கு அரை மணி நேரம் கிடைத்தால், முதல் ஐந்து நிமிடம் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து ஊதுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் ஏழு நிலைகளிலும் ச, ப, ச வரிசை. பத்து நிமிடம் ஒரே ஒரு ஸ்கேல். முதலில் ஒரு நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலத்தில் ஒவ்வொரு சுரத்தையும் நான்கு அட்சரம் பிடித்து, பின்னர் இரண்டாக, பின்னர் ஒன்றாகக் குறைத்துச் செல்லுங்கள். எஞ்சிய நேரம் அந்த ஸ்கேலில் அமைந்த ஒரு பாட்டு. வாரத்துக்கு ஒரு ஸ்கேலுக்கு மேல் சேர்க்கவேண்டாம். நமது கடற்காற்றின் உப்பும் வியர்வையும் ஸ்லைடை விரைவில் கரடாக்கும். ஊதி முடித்ததும் நீரை வடித்து, உள் ஸ்லைடைத் துணியால் துடைத்து, வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கழுவி எண்ணெய் இடுங்கள். இறுகிய ஸ்லைடில் சரியான நிலையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மேற்கூறிய ஐந்து மேஜர் ஸ்கேல்களும் மனத்தில் நின்றபின், பி பிளாட் மேஜரின் இரண்டாம் ஸ்தாயியைத் தொடங்கலாம்: பி பிளாட் 1, சி 3, டி 1, ஈ பிளாட் 3, எஃப் 1, ஜி, ஏ 2, பி பிளாட் 1. இதில் ஜியை மட்டும் எண் இல்லாமல் விட்டிருக்கிறேன். அது இரண்டாம் நிலையின் ஏழாம் ஹார்மோனிக்; வழக்கமான இரண்டாம் நிலையிலிருந்து ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் உள்ளே இழுத்தால் 31 சென்ட் குறை நீங்கிச் சுருதி சேரும். நான்காம் நிலையின் எட்டாம் ஹார்மோனிக்காகவும் அதே ஜி கிடைக்கும். எஃப்பிலிருந்து ஏறி ஏவுக்குச் செல்லும்போது முன்னையதும், ஜியில் நீண்டு நிற்கவேண்டியபோது பின்னையதும் என் கைக்கு ஒத்துவருகின்றன. இரண்டையும் சுருதிப்பெட்டியோடு ஊதிப் பார்த்து உங்கள் உதட்டுக்கு எது நிற்கிறதோ அதனை அந்த இடத்துக்கு எழுதிவையுங்கள்.